ஏதாவதுன்னா

"ஏதாவதுன்னா உடனே கூட்டிட்டு வாங்க" என்று
டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் தந்தார் டாக்டர்.
அந்த ஏதாவது எப்படி இருக்கும் என்று
நான் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் அது
மாதுளை முத்து அளவில் வந்தது,
குழாயைச் சுற்றி,
துணி பட்டாலே கசியும் சதையாய்.
மருந்துக் குச்சியால் தொட்டார்கள். கறுத்தது.
சுபிக்சாவுக்குச் சத்தம் வராத அழுகை.
பக்கத்துக் கட்டில்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு ராகி. அது என் தப்பு.
சலித்த கஞ்சியில் எங்கிருந்தோ ஓர் உமி.
வெந்நீர் விட்டுப் பார்த்தேன், உருவிப் பார்த்தேன்,
கோரிப்பாளையம் சிக்னலில் ஆட்டோவுக்குள்ளும்
உருவிக்கொண்டே இருந்தேன்
மடி வற்றிய மாட்டின் காம்பை உருவுகிற மாதிரி.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
பாயில் குழாய் தனியே கிடந்தது,
நுனியில் பலூன் சுருங்கிப்போய்.
சில மணி நேரத்தில் துவாரம் மூடிக்கொள்ளுமாம்.
அவள் அப்பா நாக்பூரில்,
யார் யார் வாய்க்கோ முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்.
மார்க்கெட்டுக்குப் போன டாடா ஏஸில்
பீர்க்கங்காய் மூட்டைகளுக்கு நடுவே
அவள் வயிற்றை உள்ளங்கையால் பொத்தியபடி
புண் ஆறிவிடக் கூடாது என்று நேர்ந்துகொண்டேன்.
வாய் கூசியது.

இன்றைக்குப் போனது எதற்கென்று
சொல்லத் தெரியவில்லை.
வயிறு சுடுகிற மாதிரி இருந்தது.
வெயிலாகவும் இருக்கலாம்.
"என்னம்மா, மறுபடியுமா" என்றார் கேட்டில் இருந்தவர்.
வரிசையில் நாலரை மணி நேரம்.
ஜெசிந்தா சிஸ்டர் குழாயைத் திருகிப் பார்த்து,
பலூன் தண்ணீரை உறிஞ்சி அளந்து
அஞ்சு மில்லியும் அப்படியே இருக்க
"ஒண்ணுமில்ல" என்றார்.

அதை நோட்டில் எழுதித் தரச் சொன்னேன்.
ஒரு மாதிரிப் பார்த்தார். எழுதித் தந்தார்.

உசிலம்பட்டி டவுன் பஸ்ஸில்
அவளுடைய நாலு மணிக் கஞ்சி.
சிரிஞ்சை உயர்த்தினால் வேகம், தாழ்த்தினால் மெதுவாக.
ஒரு கை அவள் தலைக்கு, ஒரு கை டம்ளருக்கு,
அதற்குமேல் எனக்குக் கை இல்லை.
பக்கத்து சீட்டுக்காரி கேட்காமலே
சிரிஞ்சை வாங்கிப் பிடித்தாள்.
பிள்ளைக்கு என்ன என்று விசாரிக்கவில்லை.
மருமகன் வண்டிக்கு டியூ கட்டாத கதையை
நாகமலையில் தொடங்கியவள்,
ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம்
பேச்சை நிறுத்தாமலே
கையை மட்டும் ஓர் அங்குலம் தூக்கிக்கொண்டாள்.

கருமாத்தூர் வந்துதான் கஞ்சி முடிந்தது.
"செக்கானூரணியில எறங்க வேண்டியவ நான்,
நீயாவது சொல்லக் கூடாதா" என்று வைதாள்.
எனக்கு எப்படித் தெரியும்.
"சரி விடு, திரும்பிப் போறதும் சும்மாதானே" என்று
பெண்கள் டிக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு
முந்தானையில் சிந்தியிருந்ததைத் தட்டிவிட்டு
இறங்கிப் போனாள்.

சுபிக்சா ஓர் ஏப்பம் விட்டாள்.
கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.