கதவுக்கு இந்தப் பக்கம்

வயலின் தொடங்குமுன்பே
எண்ணெய் காய்ந்திருக்க வேண்டும்.
அதுதான் இந்தக் கன்ரீனின் ஒரே சட்டம்.
பிறகு கதவு உதைபட்டுத் திறக்கும்.
இருபது பேராவது வருவார்கள்,
வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு,
சபையில் யாரோ கையைப் பிடித்து இழுத்து
ஆடச் சொல்லிவிட்டது போல.

நாலரை நிமிடம்.
அதற்குள் இருபத்தெட்டு றோல்ஸ், ஒரு கேத்தில் தேத்தண்ணி.
பாட்டு நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியாது.
நீளம் தெரியும்.

சுங்கக் கந்தோர் கிளாக்கர் பத்மசொரூபன்
வடையை ஊதி ஊதிச் சொல்வார்:
"ஆரடாப்பா காதலைச் சொல்ல
பின்னால நாப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போறான்?
அதுவும் ஒரே நிறச் சட்டையோட?"
சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.
பஸ் நிலையப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று
எங்கள் சுவரொட்டியின் பசையை
நக்கிக்கொண்டிருக்கும்.
நடுப்பட்டினத்தில், ஓட்டோக்களுக்கு நடுவில், ஒரு மான்.
அதை இதுவரை ஒருவரும்
நம்பமுடியாது என்று சொன்னதில்லை.

உள்ளேயிருந்து கத்துவார்கள், கதவைச் சாத்து!
வெளிச்சம் விழுந்தால் பாட்டு உடைகிறதாம்.
ஜெசிந்தா மிஸ்ஸி அந்தக் கூட்டம்.
ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து
பகல் காட்சிக்கு வருவா.
வசனத்துக்கு நித்திரை, பாட்டுக்கு முழிப்பு.
ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.
"வசனம் வாட்டிலேயே கேக்கிறன்" என்றா.

டொக்யாட்டிலிருந்து வரும் நேவிப் பொடியனுக்கு
தமிழில் ஒரு சொல்லும் தெரியாது.
கதைக்கத் தொடங்கினால் வெளியே வருவான்,
பாட்டுக்கு உள்ளே ஓடுவான்.
வாசலில் அவனும் பத்மசொரூபனும்
தோளோடு தோள் இடிபட்டு
இருவருக்கும் பொதுவான ஒரே பாஷையில்
"சொறி" என்பார்கள்.

ஐப்பசி மழையோடு ஒரு படம் வந்தது. முழுக்கப் பாட்டு.
கடன் கேட்பதும் பாட்டு, கதவைத் திற என்பதும் பாட்டு.
கறிக்கு உப்புக் காணாது என்று
ஒருத்தி மூன்று சரணம் பாடினாளாம்.
எப்போது எழும்பி வருவதென்று யாருக்கும் தெரியவில்லை.
பாதிப்பேர் காசைத் திருப்பிக் கேட்டார்கள்.
மீதிப்பேர் அடுத்த நாளும் வந்தார்கள்.
கிண்ணியா ஓட்டோக்காரர் நவ்பரும் மச்சானும்
அந்தப் படத்தால்
ஒருவரோடொருவர் கதையை விட்டார்கள்.
என் றோல்ஸ் இரண்டு நாள் ஊசிப்போனது.

அதே கிழமை திருக்கடலூரில் செத்தவீடு.
என் கூட்டாளி விமலேஸ்வரன்.
பெட்டி வந்து இறங்கியபோது தவமலர்
எல்லாரையும் போலத்தான் கதைத்துக்கொண்டிருந்தா,
ஆர் ஆருக்குச் சொன்னது, ஐயர் எத்தனை மணிக்கு.
பிறகு, வயலின் இல்லை,
ஒரு சொல்லின் நடுவில்
குரல் எழும்பி ராகமாய்ப் போனது.
இஞ்சினுக்கு வாங்கிய கடனும்
அவன் தொடாமல் போன மீன்சொதியும்
அடிக்கு அடி பொருந்தி வந்தன.
இரண்டு பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு
கூடச் சேர்ந்தார்கள், ஒத்திகை இல்லாமல்.

ஆம்பிளைகள் நாங்கள்
ஒவ்வொருவராய்ப் படலைக்கு வெளியே வந்தோம்.
யாரோ சிகரட் நீட்டினார்கள்.
பத்மசொரூபனும் நின்றார்.
துறைமுகத்துக்கு வந்திருக்கும் கோதுமைக் கப்பலைப் பற்றி,
அது எத்தனை ஆயிரம் தொன் என்று
நிறையச் சொன்னார்.
ஒருவரும் கேட்கவில்லை.
உள்ளே நீண்டுகொண்டே போனது.
நான், பழக்கதோஷம்,
மணிக்கூட்டைப் பார்த்தேன்.

இன்றைக்கு இரண்டரைக் காட்சி. வயலின்.
பத்மசொரூபன் வெளியே வரவில்லை என்று
எழுத ஆசைதான்.
வந்தார். முதல் ஆளாய்.
வடையை ஊதாமல் வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டார்.
பின்னால் கதவைச் சாத்தவில்லை,
அது அரைச் சாண் திறந்து கிடந்தது.
உள்ளேயிருந்து கத்தினார்கள்.
நானும் போகவில்லை.