பதினேழாம் துளை

முப்பத்தொரு துளை.
ஒவ்வொன்றும் நூறு மீற்றர், கொஞ்சம் கூடக்குறைய.
வெளியே வந்த கல்லின் குறுக்களவு
நாற்பத்தேழு மில்லிமீற்றர்,
என் மணிக்கட்டை விட மெலிது.
எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால்
பதினைந்து தொன் வரும்.
தோப்பூர்ச் சந்தியில் நிற்கும் டிப்பரில்
இரண்டு தரம் ஏற்றலாம்.

நான் எழுத வேண்டியதோ
ஆறு லட்சம் தொன்னைப் பற்றி.

உட்துறைமுக வீதியில் மாடி ஒபிஸ்.
கீழே மான்கள் பொலித்தீன் பையை
முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகின்றன.
மேலே நானும் எண்களை அப்படித்தான்.
பூச்சியம் தசம் நான்கு.
பூச்சியம் தசம் இரண்டு.
கண்டறியும் எல்லைக்குக் கீழே.
கண்டறியும் எல்லைக்குக் கீழே.
பிறகு பதினேழாம் துளை,
அறுபத்துநாலுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில்
தொன்னுக்கு முப்பத்தெட்டு தசம் ஆறு கிராம்.

முடிவு வந்த அன்று
தாஹிர் மெசினை இருபத்தாறாம் துளைக்கு மாற்றியிருந்தார்.
கேட்டதும் நிறுத்திவிட்டு
எல்லாருக்கும் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தார்.
கொழும்பிலிருந்து மூன்று கோல்.
மூன்றிலும் ஒரே வசனம்:
"அந்த நம்பரை வெட்டிப்போடாதீங்க."

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சோற்றுக்கு அது சரி.
தங்கம் சோற்றில் கிடக்கும் கல்;
யாருடைய பல்லில் படுகிறதோ
அவருக்கு மட்டும் உண்டு.

அந்த மீற்றரை அப்படியே விட்டால்
ஆயிரத்து இருநூற்றறுபது கிலோ.
ஒன்பதுக்கு மேலே சீவிவிட்டால்
நானூற்றெண்பது.
ஒரு பட்டனை அழுத்தி
எழுநூற்றெண்பது கிலோவை இல்லாமல் செய்தேன்.
திரும்ப அழுத்தி உண்டாக்கினேன்.
இரவு ஒன்பதரை வரை
இதே விளையாட்டு.

கல்லை வரிசையாய் அடுக்கிவைக்கும் கொட்டகைக்குப்
பொறுப்பு யோகமலர்.
கல்லை நீளவாக்கில் அறுத்து
பாதியை ஆய்வுகூடத்துக்கு, பாதியைத் தட்டுக்கு.
இதற்கு முந்தி நாலு வருசம்
சம்பூர்ப் பக்கம் கண்ணிவெடி அகற்றினவள்.
முழங்காலில் நின்று, ஒரு சதுர மீற்றர்,
பிறகு அடுத்த சதுர மீற்றர்.
நாலு வருசத்தில் அவள் கண்டெடுத்தது பதினொன்று.
மிச்ச நாளெல்லாம் ஆணியும் சோடா மூடியும்,
ஒரு தரம் ஒரு கொலுசு.

என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தாள்.
சிவப்புப் பெட்டி, மஞ்சள் பெட்டி.
"இந்த ரெண்டு துளைக்கும் இடையில
எத்தின மீற்றர் சேர்?"
ஐம்பது.
"அதுக்குள்ள என்ன இருக்கெண்டு
எப்பிடித் தெரியும்?"
தெரியாது.
பக்கத்தில் இருப்பதைப் போல இருக்கும் என்று
ஒரு கணக்கு.

தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"நாங்க அப்பிடிக் கணக்குப் பார்த்து
ஒருத்தரையும் நடக்க விடேல்ல."

ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.
மிச்சப் பாதியையும் அறுக்கச் சொன்னேன்,
அதே துளை, அதே மீற்றர்.
இரண்டு கிழமையில் வந்தது:
பதினொன்று தசம் இரண்டு.
ஒரே கல்,
வாளின் இரண்டு பக்கம்.
பக்கத்துக் கல்லை விடு,
தன் மற்றப் பாதியையே அது ஒத்திருக்கவில்லை.

அறிக்கையில் நானூற்றெண்பது என்று எழுதினேன்.
முன்னால் 'அனுமானம்' என்ற சொல்.
கொழும்பில் அதை அடிக்குறிப்புக்கு இறக்குவார்கள்.
இறக்கினால் தெரியட்டும் என்று
துளையில்லாத பெட்டிகளுக்கெல்லாம்
சாம்பல் நிறம் அடித்தேன்.
படம் வானம் மூடிக்கட்டின
கொட்டியாரக்குடா மாதிரி ஆயிற்று.

கடைசி நாள் வயலுக்குப் போனேன்.
பதினேழின் குழாய்க்குச் சீமெந்து மூடி,
மேலே யோகமலரின் கையெழுத்தில் இலக்கம்.
அங்கிருந்து பதினெட்டுக்கு
நேர்கோட்டில் நடந்தேன்.
பாதி வழியில்தான் கவனித்தேன்,
பழைய கால்தடங்களிலேயே
காலை வைத்துக்கொண்டிருந்தேன்.

வலப்பக்கம்
யாரும் துளைக்காத இடத்தில்
எருமை ஒன்று படுத்துக்கிடந்தது,
சேற்றில் பாதி உடம்போடு.