மூன்று விரற்கடை

ஸ்டியரிங்கை மூன்று விரற்கடை திருப்பினால்தான்
டயருக்குத் தகவல் போகும்.
அதுவரைக்கும் ஆம்னி
தன் யோசனையில் இருக்கும்.

பதினோரு மாதம் அப்படித்தான் ஓட்டினேன்.
பின்னால் ஐஸ் பெட்டியில் கோமாரி ஊசி,
இடப்பக்கம் வெண்ணாறு,
வலப்பக்கம் முழங்கால் சேறு,
நடுவே ஒரு மாடு படுத்தால் நிறைந்துபோகும் தார்.
வளைவுக்கு ஒரு புளியமரம் முன்பே
திருப்பத் தொடங்கிவிடுவேன்.
எதிரே பஸ் வந்தால்
மூச்சையாவது நேராகப் பிடித்துக்கொள்வேன்.
ஆபீசில் இதைச் சொன்னதில்லை.

மழையில் ஒருநாள் வண்டி தானாகவே
மதகைப் பார்க்கப் போனது.
மறுநாள் லெட்சுமாங்குடியில்
ஹாஜாமைதீன் பட்டறை.

"ராக் ஸ்குரூவை இறுக்கினால் போதும்" என்றேன்.
போன மெக்கானிக் அதைத்தான் செய்தான்.
ஒரு வாரம் கல்லாக இருந்தது,
வளைத்தால் நேராக மனசே வராமல்.
அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

ஹாஜாமைதீன் பதில் சொல்லவில்லை.
சாக்கை விரித்தார், கீழே போனார்.
"மேல உட்காந்து ஆட்டுங்க மேடம்.
கொஞ்சமா. இடம், வலம். தூளி ஆட்டுற மாதிரி."

ஆட்டினேன்.
காலுக்குக் கீழே ஒரு கை
மூட்டு மூட்டாகத் தொட்டுப் போவது
தகரத்தின் வழியே தெரிந்தது.
நான் மாட்டுக்குச் சினை பார்ப்பதும் இப்படித்தான்.
தோள்வரை உள்ளே விட்டுவிட்டு
எங்கோ தென்னையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
கண்ணுக்கு அங்கே வேலை கிடையாது.

"நிறுத்துங்க" என்றது தரை.

இடது டை ராடு எண்ட்.
ரப்பர் குல்லா கிழிந்து
கிரீஸ் இருக்கவேண்டிய கிண்ணத்தில்
வண்டல்,
வண்டலுக்குள் அரிசியளவு ஒரு நத்தை ஓடு.
ராக் புஷ்ஷும் தேய்ந்துபோயிருந்தது.
தண்டின் போல்ட் மட்டும்
அரைச் சுற்றோடு அடங்கிக்கொண்டது.

ஆயிரத்து எழுநூறு.
அலைன்மென்ட்டுக்கு மன்னார்குடி போகணும்.
"அரை விரற்கடை ஆட்டம் விட்டிருக்கேன்.
அதையும் எடுத்தா வண்டி பிடிச்சுக்கும்."

ஆற்றங்கரையில் சாயங்கால வெயில்.
சிங்காரவல்லி வழக்கம்போல
பாதி ரோட்டில் நெல் காயவைத்திருந்தாள்,
ஓரத்தில் வரிசையாகக் கல்.
இரண்டு போகம் போய்விட்டது,
அந்த நெல்லில் ஒரு மணியை
நான் மிதித்ததில்லை.

அந்தப் புளியமரம் வந்தது.
கை அதன் பாட்டுக்குத் திருப்பியது.
வண்டி உடனே கேட்டது,
பதினோரு மாதத்தில் முதல் தடவையாக
ஒரு சொல்லுக்கே எழுந்து வந்ததுபோல,
கல்லைத் தள்ளிக்கொண்டு நேராக
நெல்லுக்குள்.

பிரேக் போட்டு இறங்கினேன்.
பத்தடிக்கு இரண்டு டயர்த் தடம்,
நோட்டில் அடித்தது மாதிரி சுத்தமாக.

"நேத்துவரைக்கும் நல்லாத்தானே ஓட்டுனீங்க,
இன்னைக்கி என்ன கேடு வந்துச்சு?"

ஸ்டியரிங் சரிபண்ணியிருக்கிறேன் என்று
எப்படிச் சொல்வது.

நெல் கிளறும் பலகையை
என் கையில் கொடுத்துவிட்டு
அவள் கல் பொறுக்கப் போனாள்.