இருபது மீட்டர்

வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பின்னால்
சுவரிலிருந்து எட்டிப் பார்க்கிறது கண்ணாடி இழை.
என் கணினி கடைசி அறையில்.
நடுவே பாம் ஷெல்டர்:
போர் வந்தால் ஒளிந்துகொள்ள
வீட்டோடு சேர்த்து ஊற்றித் தந்த காங்கிரீட்.
போர் வரவில்லை.
உள்ளே அரிசி மூட்டை, ஓடாத மின்விசிறி,
செம்பவாங்கிலிருந்து நான் கொண்டுவந்து
இன்னும் பிரிக்காத ஏழு அட்டைப்பெட்டிகள்.

முதலில் வைஃபை.
அண்ணன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் தந்தான்,
சாவி தருவதுபோல, கொஞ்சம் யோசித்து.
ஹாலில் ஐந்நூறு காட்டியது.
சமையலறை வாசலில் இருநூறு.
என் மேசையில் மூன்று.
இரும்புக் கதவில் முட்டி, சுவரைச் சுற்றி,
மூச்சு வாங்கித்தான் வந்தது.
அண்ணியின் ‘சாப்பிட்டியா’வும் அப்படித்தான் வந்துசேரும்:
பாதியாய், தாமதமாய்.

அப்புறம் கைப்பேசியிலிருந்து இழுத்தேன்.
சொந்த எண், சொந்தக் கட்டணம்,
எவரையும் கேட்க வேண்டியதில்லை.
சன்னல் விளிம்பில், எதிர் புளோக்கைப் பார்த்தபடி வைத்தால்
நன்றாகவே ஓடியது, கை சுடும்வரை.
ஜூரோங் பட்டறையின் சம்பளக் கணக்கை
ஏற்றிக்கொண்டிருக்கையில்
பத்தொன்பதாம் தேதி தீர்ந்துபோனது.
ரோஷத்துக்கும் மாத அளவு உண்டுபோல.

பிளக்கில் செருகும் இரட்டைப் பெட்டிகளை
அண்ணன் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்தான்.
மின்சாரத்தோடு மின்சாரமாய்ச் சுவருக்குள்ளேயே வருமாம்.
வந்தது.
துவைக்கும் இயந்திரம் சுழலத் தொடங்கினால் நின்றது.
துணி போடும் முன் அண்ணி கதவைத் தட்டி
‘மீட்டிங் இருக்கா?’ என்று கேட்க ஆரம்பித்தாள்.
ஒரு கூடை அழுக்குத் துணியோடு
அவள் காத்து நிற்பதைத்தான்
என்னால் தாங்க முடியவில்லை.

‘மெஷ் வாங்கிடலாமா? மூணு பெட்டி, முந்நூறு வெள்ளி.’
வேண்டாம் என்றேன்,
அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள்.

சிம் லிம்மில், மூன்றாவது மாடியில்,
கம்பி விற்பவர் கேட்டார்: எத்தனை மீட்டர்?
தெரியாது.
கண்ணை மூடி நடந்து பார்த்தேன்.
தொலைக்காட்சியிலிருந்து சாப்பாட்டு மேசை, ஐந்து எட்டு.
நிலானியின் சைக்கிளைச் சுற்றி இரண்டு.
ஷெல்டர் ஓரமாய் நான்கு, குளியலறைத் திருப்பம்,
அண்ணனின் அறைவாசல், பிறகு என் வாசல்.
வந்து இரண்டு மாதத்தில்
அந்த வீட்டை முழுசாக நடந்தது
அங்கே, கடை முன்னால் நின்றபடிதான்.
இருபது என்றேன்.
மஞ்சள் நிறம் மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் முட்டிபோட்டோம்.
அவன் டேப்பைப் பல்லால் கிழித்துத் தர
நான் சுவரோரம் ஒட்டிக்கொண்டே போனேன்.
செம்பவாங் பற்றி ஏதோ கேட்க வந்தான்.
குளியலறைத் திருப்பத்தில் கம்பி முறுக்கிக்கொண்டது,
அதைப் பிரிப்பதில் கேள்வி போய்விட்டது.

தொள்ளாயிரத்து நாற்பது.
அவன் விசிலடித்தான். நிலானி கைதட்டினாள்.
அப்போதுதான் கவனித்தோம்.
புதுசாய் வினைல் தரை போட்டதில்
கதவுக்கு அடியில் இடுக்கே கிடையாது.
கம்பி இருக்கும்வரை
கதவை ஒரு விரல் அகலம் திறந்தே வைக்க வேண்டும்.

அந்த விரல் அகலத்தில் வருகிறது:
மிளகாய் வதக்கும் நெடி,
நிலானி எழுத்துக்கூட்டும் சத்தம்,
என்னைப் பற்றித்தான் என்று தெரியும் தணிந்த பேச்சு,
தோசை ஊற்றும்போது எத்தனை பேருக்கு என்ற எண்ணிக்கை.
அதில் நானும் உண்டு.

ஓர் இரவு மட்டும் கழற்றினேன்.
செம்பவாங்கிலிருந்து தாள்கள் வந்த இரவு.
கம்பியை வெளியே தள்ளி, கதவை அழுத்திச் சாத்தி,
தரையில் உட்கார்ந்தேன்.
ஹாலில் ரவுட்டரின் நான்காம் விளக்கு அணைந்திருக்கும்.
பத்து நிமிடம்கூட ஆகவில்லை,
கதவுக்கு அப்பால் அண்ணன்:
‘ஏன்டி, லைன் போயிருச்சா?’