டைம்கீப்பர் டைரி, 1957

ஏப்ரல் முதல் தேதி.
இன்றிலிருந்து ரூபாய்க்கு நூறு பைசா.
அரையணாவுக்கு மூன்று தந்தான் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரன்.
கனகாம்புஜம் நம்பவில்லை, முந்தானையில் கொட்டி
மறுபடி எண்ணினாள்.
சின்னவனுக்குப் பல் விழுந்தது. ஓட்டுமேல் எறிந்தோம்.

மே கடைசி.
மதராஸுக்குக் கப்பலில் ஒரு காய்ச்சல்
வந்திறங்கியதாகப் பேப்பரில் இருந்தது.
இங்கே வெள்ளைக்கல் சுரங்கத்தில் பாதிப் பேர் இல்லை.
வராதவன் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு;
ஒரு மைப்புட்டி தீர்ந்தது.

ஜூன் 9. தேன்மொழிக்கு நூற்றுமூன்று டிகிரி.
பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்தோம்.
எப்பப்பா வீட்டுக்கு, என்றாள்.
நாளைக்கு, என்றேன்.

ஜூன் 22. நடுவில் எழுதவில்லை.
பதிவேட்டில் என் பெயருக்கு நேரே
பன்னிரண்டு சிவப்புக் கோடுகள்.
யார் போட்டதோ, எல்லாம் கோணல்.

அக்டோபர்.
ரஷ்யாக்காரன் வானத்தில் பந்து விட்டிருக்கிறான்.
தெருவே கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றது.
சேர்வராயன் மலைக்கு மேலே போனது, பார்த்தேன் என்று
சத்தியம் செய்கிறார் ரயில்வே கார்டு தேவசகாயம்.
நான் பார்த்தது
ஏற்காட்டிலிருந்து இறங்கும் கடைசி பஸ்ஸின் விளக்கு.
கனகாம்புஜம் வெளியே வரவில்லை.

நவம்பர் 8.
இப்போது ஒரு நாயை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.
பேப்பர் படத்தை வெட்டிச் சோற்றுப் பசையால்
சுவரில் ஒட்டிவிட்டான் சின்னவன்.
அதுக்கு யாருப்பா சோறு வைப்பாங்க?
எப்ப கீழே வரும்?
வாய் முந்திக்கொண்டது: நாளைக்கு.

அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்துத் தொடர்ந்தது.
சங்கு ஊதுகிறது. ராத்திரி ஷிப்டு.
போய் ஆள் எண்ண வேண்டும்.