ஆறாம் அலைவரிசை

கோத்தகிரி காந்தி மைதானத்தில்
கோல் கோட்டுக்குப் பின்னால் நாங்கள் நால்வர்.
முழங்கால் ஊன்ற இருப்பது
நேற்றைய மழை ஊறிய ஓர் உரச்சாக்கு.
அதில் கால்வாசி எனக்கு.
என்னிடம் கேமரா மூன்று.

நீண்ட லென்ஸ் ஒற்றைக்கால் கம்பில்.
சின்னது இடுப்பில், தோல்வாரில் தொங்கி.
மூன்றாவது வலைக்குப் பின்னால் புல்லில்
குப்புறப் படுத்திருக்கும்,
லாட்ஜில் கொடுத்த குளியல் தொப்பியைப் போர்த்தி.
அதன் விசை என் சட்டைப்பையில்.

மூன்று இருப்பதில் பெருமை ஒன்றுமில்லை.
மூன்று ஆள் இடத்தை அடைக்காமல் இருக்க வேண்டும்,
அவ்வளவுதான்.
எழும்போது இடுப்புக் கேமரா ஊஞ்சலாடும்.
போன ஆண்டு அரவேணு ஆட்டத்தில்
அது போய் இடித்தது ஹாலனின் கையை.
தேநீர் அவர் மடியில், வர்க்கி சேற்றில்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.
அன்றிரவே வாரை மூன்று துளை குறைத்தேன்.

இன்று ஆட்டத்துக்கு முன் அவர்தான் கேட்டார்,
"யார் யார் எந்தச் சேனல்?"
ஆறு, என்றேன்.
தாமஸ் தன்னிடம் ரிமோட்டே இல்லை என்று சிரித்தார்.
கோகிலவாணி அப்போது
துணை நடுவரோடு வாக்குவாதத்தில் இருந்தாள்,
வலையிலிருந்து எத்தனை அடி தள்ளி வைக்கலாம் என்று.
அவளிடம் திரும்ப யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

கொடநாட்டுப் பக்கமிருந்து மூடுபனி ஏறியது.
பந்து தெரிவதும் மறைவதுமாய்.
மறைந்தபோதெல்லாம் நான்
சட்டைப்பைக்குள் விசையை அழுத்திக்கொண்டிருந்தேன்,
கடன் கொடுத்தவன் கதவைத் தட்டுவதுபோல:
இருக்கிறாயா, இருக்கிறாயா.

இடைவேளையில் அவள் வந்து நின்றாள்.
கேமராவின் முதுகுத் திரையை என் பக்கம் திருப்பி
கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனாள்.
வெறும் வலை. வெறும் வலை. பனி.
வெறும் வலை. ஒரு நாய். நாயின் வால்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
"கார்டு நெறஞ்சிருச்சு. இதுல ஒண்ணுகூட நான் அழுத்தல.
நீங்க ஆறா?"
"ஆறு."
"நானும்."

மூன்று கேமராவோடு மன்னிப்பு கேட்பது கஷ்டம்.
கை குவிக்க முடியாது.
குனிந்தால் ஒன்று முன்னால் வந்து விழும்.
என் காலிக் கார்டைக் கொடுத்தேன்.
பதினொன்றுக்கு மாறினேன்.
பச்சை டேப்பில் எண்ணை எழுதி நெஞ்சில் ஒட்டி
நால்வருக்கும் காட்டினேன்,
எனக்கே ஒருமுறை உட்பட.

எண்பத்து மூன்றாம் நிமிடம்.
மிளிதேன் பையன், பதினாறாம் எண்,
பனிக்குள்ளிருந்து நெஞ்சு முந்த வந்தான்.
நீண்ட லென்ஸுக்கு அவன் மிக அருகில்.
சின்னதைத் தூக்க முழங்கை விரிய வேண்டும்,
விரிந்தால் அது
கோகிலவாணியின் கண்ணுக்கு முன்னால் ஒரு கதவு.
யோசித்தேன் என்று சொன்னால் பொய்.
முழங்கை தானாகவே விலாவில் ஒட்டிக்கொண்டது.
வர்க்கியின் ஞாபகமாக இருக்கலாம்.

எனக்குக் கிடைத்தது ஒரு முழங்கால், பாதிச் சாக்ஸ்.
புல்லில் கிடந்த மூன்றாவதின் கண்ணாடியில்
நீர்த்துளி ஒன்று சம்மணமிட்டிருந்தது.
அவளுக்குக் கோல் கிடைத்தது.

இரவு பஸ்ஸில், குஞ்சப்பனை வளைவில்,
போனில் ஒரு படம் வந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று.
கோல்கீப்பர், வயது பதினேழு இருக்கும்.
ஆட்டம் அந்தக் கோடியில் நடக்க,
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
கம்பத்தில் நெற்றியைச் சாய்த்து நிற்கிறான்,
கையுறையால் அதைத் தட்டிக்கொடுத்தபடி.
கீழே எழுதியிருந்தாள்:
"கேமரா என்னுது. விரல் உங்களுது.
பேரு யாருதப் போடறது?"

சிக்னல் போய்விட்டது.
மேட்டுப்பாளையம் வரை
பதிலை எழுதி எழுதி அழித்தேன்.
மடியில் மூன்று கேமரா.
பக்கத்து இருக்கைக்காரர் தூக்கத்தில் என் மேல் சாய,
வாரை இன்னும் ஒரு துளை
இழுத்துக்கொண்டேன்.