ஒப்படைக்க வேண்டிய பொருள்

தக்கலைப் பழைய சிறையில்
பொம்மைகளுக்கு உடுத்தக் கூப்பிட்டார்கள்.
மும்பையில் இருபத்தாறு வருஷம்
மேடைக்குப் பின்னால் நின்றவள் நான்.
வாயில் குண்டூசிகள்.
ஒரு பெண்ணை நாற்பது நொடியில்
இன்னொரு பெண்ணாக்கி
வெளிச்சத்துக்குள் தள்ளுவேன்.
கைதட்டல் எனக்கு
சுவருக்கு அந்தப்புறம் பெய்யும் மழை.

இங்கே மழை சுவருக்கு இந்தப்புறம்.
மூன்றாம் அறையில் ஓடு இல்லை.
நாகர்கோவிலில் மூடிய ஜவுளிக்கடையில்
ஏலத்தில் எடுத்த பதினொரு பிளாஸ்டிக் உடல்கள்
சாக்கு விரிப்பில் நிற்கின்றன.
எல்லாம் ஒரே அளவு, எல்லாம் நல்ல நிறம்.
"விலங்கு மாட்டினா கழண்டு விழுது மேடம்"
என்கிறார் காவலாளி சுயம்பு.

கோடுபோட்ட சட்டைக்காரர்கள் சுலபம்.
வார்டர் காக்கி, கஞ்சி போட்டு,
ஒரு மதியத்தில் முடிந்தது.
உப்பு கடத்தியவனுக்கு ஒரு துண்டு போதும்.

பிறகு ஒன்பதாம் எண்.
கொல்லம் ஆயிரத்து முப்பத்து நாலு.
பதிவேட்டைப் பெயர்த்தவர்
பென்சிலில் எழுதியது:
சுடலி. சந்தையில் பிடித்தது.
குற்றம்: குப்பாயம்.
கைப்பற்றிய பொருள்: குப்பாயம், ஒன்று.

குற்றமும் பொருளும் ஒரே சொல்லாய் இருந்த துணியை
நான் இதுவரை வெட்டியதில்லை.

"போட்டிருந்ததாலதானே பிடிச்சான், போட்டு விடுங்க"
என்றார் குழுவில் ஒருவர்.
"பிடிச்ச பிறகு உள்ளே இருந்தது
அது இல்லாமத்தானே,
சரித்திரம்னா சரித்திரம்"
என்றார் பேராசிரியர்,
தன் சட்டையின் மேல்பொத்தானைத் திருகியபடி.
பொம்மையின் மார்பை யாரும் பார்க்கவில்லை.
அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

லோயர் பரேலில் ஒரு ராத்திரி
பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி
"கொஞ்சம் ஏத்திக் குத்துங்க அக்கா" என்றாள்.
இறக்கச் சொல்லியிருந்தார் முதலாளி.
இறக்கினேன்.
வாயில் குண்டூசி இருந்ததால்
பதில் சொல்லவில்லை என்று
இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

லாட்ஜில், கோராத் துணியில் வெட்டினேன்.
நீளம், மார்புச் சுற்று, கைக்குழி
எதையும் எழுதி வைக்கவில்லை குமாஸ்தா.
சுமை தூக்கிச் சந்தைக்கு வந்தவள் என்றால்
தோள் இவ்வளவு அகலம் இருக்கும்,
கை தலைக்கு மேல் போகும்.
கைக்குழியில் ஒரு விரற்கடை கூடுதல் விட்டேன்.
கழுத்தை ஏற்றித் தைத்தேன்.
பிரித்து, இன்னும் ஏற்றினேன்.

ஒன்பதாம் பொம்மையைத் திருப்பி அனுப்பியாயிற்று.
குப்பாயத்தை மட்டும் கொண்டுபோய்
கைதிகளின் சாமான் வைக்கும் அறையில்,
ஆணியில் மாட்டிச்
சீட்டுக் கட்டினேன்.
எண் ஒன்பது. சுடலி.
பெற்றுக்கொண்டவர் கையொப்பம்:
அங்கே கோடு மட்டும்.

"அப்போ ஆளு எங்க மேடம்?"

வந்தா குடுத்திருங்க என்றேன்.

"அடையாள அட்டை இல்லாம
குடுக்க முடியாதுல்லா" என்றார் சுயம்பு
நிஜமான கவலையுடன்.

வேளிமலைக்கு மேல் மின்னல்.
தொங்கிய நூலைப்
பல்லால் கடித்து அறுத்தேன்.